பதினான்கு தலை குறைவு

ஜூன் 3, செவ்வாய்

இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் கண் அயர்ந்தாள். இன்று அவளுக்கு மூன்றாவது மாவுக்கட்டு. உள்பக்கம் வளைந்த பாதங்கள் கொஞ்சம் நேராகியிருக்கின்றனவாம். இன்னும் நான்கு கட்டு, வாரம் தவறாமல். ஒரு வாரம் விட்டாலும் பாதம் பழையபடி திரும்பிவிடும் என்றார் டாக்டர். பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடை. வழியில் மழை பிடித்தால்? கட்டு நனைந்தால்? வராத மழைக்குக் குடை தேடுவதே என் பிழைப்பு.

கட்டுப் போடும் அறையில் பக்கத்தில் உட்காரும் பச்சைப் புடவைக்காரி, நம் ஊரையும் தாண்டி உள்ளேயிருந்து நடந்து வருகிறாள். அவள் பையனுக்கும் இதே பாதம். "நடந்து நடந்து என் காலு வளைஞ்சிரும் போலிருக்குக்கா" என்று சிரித்தாள்.

ஜூன் 5, வியாழன்

பஸ் ஆபீசுக்கே போய்க் கேட்டுவிட்டேன். ஐந்நூறு பேர் இருந்தால்தான் ஊருக்குள் பஸ் விடுவார்களாம். நம் ஊர்க் கணக்கு நானூற்று எண்பத்தாறு. "பதினாலு பேர் குறையுதும்மா, நான் என்ன பெத்தா குடுக்க முடியும்?" என்றார் கிளார்க்.

நானூற்று எண்பத்தாறுதானா? பள்ளிக்கூடம் விட்டால் தெருவில் கால் வைக்க இடமில்லையே.

ஜூன் 6

அத்தை அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "கணக்கெடுக்க வந்தப்ப, தலைக்கு இவ்வளவுன்னு தண்ணி வரி போடத்தான் எண்ணுறாங்கன்னு பேச்சு. ஊரே ஆளைக் குறைச்சுச் சொல்லுச்சு. நானும்... உன்னைச் சொல்லலை."

வாழ வந்து மூன்று வருஷம். கணக்கில் நான் இந்த வீட்டிலேயே இல்லை! அப்போ இத்தனை நாளா இங்க பொங்கிப் போட்டது யாராம்? பேயா?

ஜூன் 7

கோபம் ஆறவில்லை. ஆனால் வாங்கிய டிகிரிக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது: ஊரைத் திரும்ப எண்ணுவது.

ஜூன் 8, ஞாயிறு

நானும் அத்தையும் வீடு வீடாகப் போனோம். சொன்ன பொய்யை ஒத்துக்கொள்ள யாருக்கு வாய் வரும்? முதல் மூன்று வீட்டில் கதவு திறந்தது, வாய் திறக்கவில்லை. நாலாவது வீட்டில் அத்தை என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றார். "நான் மருமகளையே மறைச்சவ. நீ யாரை மறைச்சே, சொல்லு."

அதன் பிறகு மடை திறந்ததுதான். தையல்காரர் இரண்டு தம்பிகளை மறைத்திருந்தார். கடைக்காரர் மறைத்தது அப்பாவை. அவரோ பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். "அப்ப நான் போய்ச் சேந்துட்டேனாடா?" என்று கேட்டுவிட்டு, பேனாவைப் பிடுங்கித் தானே கையெழுத்துப் போட்டார்.

ஐந்நூற்று இருபத்தேழு. இருமுறை கூட்டிப் பார்த்தேன். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. எழுதச் சொன்னது அத்தை.

ஜூன் 10, செவ்வாய்

நாலாவது கட்டு. நடைதான், மழை இல்லை. திரும்பும்போது பட்டியலைக் கொடுத்தேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே வாரத்துல நாப்பத்தோரு பிரசவமா?"

"ஆமா சார். எல்லாமே சுகப்பிரசவம்."

எனக்கு இப்படியெல்லாம் பேச வருமா?

ஜூன் 19

சரிபார்க்க ஆள் வந்தார். கடைக்காரரின் அப்பா காலையிலேயே சட்டை மாற்றி வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

ஆறாவது கட்டு. வழியெல்லாம் சேறு. நானும் அத்தையும் மாற்றி மாற்றித் தூக்கினோம். பச்சைப் புடவைக்காரியைக் காணோம்.

ஜூலை 1, செவ்வாய்

ஏழு மணிக்கு பஸ் ஊருக்குள்ளேயே வந்தது. ஜன்னலோர இடத்தை அத்தை யாருக்கும் தரவில்லை. கடைசிக் கட்டும் முடிந்தது.

பச்சைப் புடவைக்காரி இந்த வாரமும் வரவில்லை. நர்ஸிடம் முகவரி வாங்கி வந்து அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதன் நகல்:

தங்கச்சி, பஸ் எங்கள் ஊர் வரை வருகிறது. அங்கிருந்து உங்கள் ஊர் மூன்று கிலோமீட்டர்தான். ஐந்நூறு தலை இருந்தால் அங்கும் வரும்; உங்கள் ஊர்க் கணக்கில் எத்தனை பேரை மறைத்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு வருகிறேன், சேர்ந்து எண்ணுவோம். அதுவரை பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீடு வரை வந்துவிடு. பாப்பாவுக்கு இனிக் கட்டு இல்லை; ஆனாலும் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உனக்கு இடம் பிடித்துக் கூடவே வருவேன். சீக்கிரம் பதில் போடு.