அத்தை கன்னத்துக் கோடு

சிவமயம்

பஸார் வீதி,
பதுளை.
3.6.1979

என் அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் துணையில் நான், அப்பா, அத்தை மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இங்கிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பதுளையில் பகலில் வெயில், பின்னேரம் ஆனால் மழை. நம் துணிக்கடைக்கு முன்னால் ஒரே சகதி.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. அடி என் ராசாத்தி, உன் அப்பா சம்மதித்துவிட்டார்! நீ ஆசைப்பட்ட மருத்துவ பௌதிகத்தையே சிறப்புப் பாடமாக எடுத்துப் படி. இந்த மாதம் முடிவதற்குள் காலேஜில் பெயர் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றைக்கே போய்க் கொடுத்துவிடு. பொங்கலுக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறாளே, நடுவில் எழுதின கடிதங்களில் எல்லாம் அப்பா யோசிக்கிறார், அப்பா யோசிக்கிறார் என்று சாக்குச் சொன்னாளே என்று என் மேல் கோபப்படாதே. இங்கே நடந்ததை எல்லாம் கேட்டால் நீயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாய். உனக்குப் பரீட்சை நேரம் என்று வேண்டுமென்றுதான் மறைத்தேன். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால் பயப்படாமல் மேலே படி.

உன் பொங்கல் கடிதம் வந்த அன்று வீட்டில் நடந்த கூத்தை நான் உனக்கு முழுசாக எழுதவில்லை. நீ பௌதிகத்தில் ஒரு வருஷம் படித்துவிட்டு டாக்டர் படிப்புக்கு மாறிவிடுவாய் என்று அப்பா தானாகவே முடிவு செய்துகொண்டு, பஸார் பூராவும் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார் இல்லையா. துணி வெட்டும் மேசைக்கு முன்னால் யார் வந்து நின்றாலும் அதே பேச்சுத்தான். பண்டாரவளை நகைக்கடை சிவஞானம் அதைக் கேட்டுத்தான் தன் மகனுக்கு உன்னைக் கேட்டார். இந்த நிலைமையில் உன் கடிதம் வருகிறது, ஆஸ்பத்திரியில் கதிர் வைக்கிறதற்கு அளவு பார்க்கிற படிப்பைப் படிக்கப்போகிறேன், சம்மதம் தாருங்கள் என்று. அப்பா அதை வாசித்து, மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். அத்தைதான் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "ஊரெல்லாம் டாக்டர்னு சொல்லியாச்சு, இப்ப மெஷின் முடுக்குற வேலைக்குப் படிக்கப் போறாளாமா? கடல் தாண்டிப் போயி இதையா படிக்கணும்?" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அப்பாவும், இருக்கிற பௌதிகத்தை முடித்துக்கொண்டு திரும்பி வரட்டும், கல்யாணத்தை வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை, இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் குடித்தார்கள்.

மாசி மாதம் அத்தைக்கு வாயில் புண் வந்தது. இடது பக்கக் கன்னத்துக்கு உள்ளே. ஆறாமலே இருந்தது, காரம் பட்டால் துடிப்பார், ஆனாலும் அந்தப் பக்கமே வெற்றிலையை ஒதுக்கி வைத்துக்கொள்வார். பக்கத்துக் கடை ஸுபைராதான் ஒருநாள் பார்த்துவிட்டு, "இது சும்மா புண்ணில்ல மீனாம்பா, நாளைக்கே கூட்டிட்டுப் போ" என்று என்னைப் பிடித்துத் தள்ளினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். பதுளையில் காட்டி, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பி, சதை வெட்டிப் பார்த்து, நாம் பயந்தபடியே புற்றுநோய் என்று சொன்னார்கள். நல்ல வேளை, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், கரண்டு வைத்தால், அதுதான் நீ எழுதின அந்தக் கதிர் வைத்தால், குணமாகும் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், அத்தை மாட்டவே மாட்டேன் என்று விட்டார். கரண்டு வைத்தால் முகம் கருகிப்போகும், பல் எல்லாம் கொட்டிவிடும், மண்டைக்குள் ஏறிவிடும் என்று கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா கெஞ்சினார், அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்த அக்கா அல்லவா.

அப்போதுதான் எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. அந்த நான்கு தாளையும் எடுத்துக்கொண்டு போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். ஒரே பக்கமாகப் பாய்ச்சாமல் வேறு வேறு பக்கத்திலிருந்து கதிரைப் பாய்ச்சி, எல்லாம் புண் இருக்கிற இடத்தில் மட்டும் வந்து சேரும்படி கணக்குப் பார்ப்பார்கள், நல்ல சதைக்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே அளந்து வைப்பார்கள், அந்த அளவைப் பார்க்கிறவர்களில் ஒருத்தியாகத்தான் நான் ஆகப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அந்தக் கழுத இதயா படிக்கிறா? அப்ப கண்ண மூடிக்கிட்டு வைக்க மாட்டாங்கதானே?" என்று கேட்டார். மாட்டார்கள் அண்ணி என்றேன். வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, பெட்டியக் கட்டு" என்று சொல்லிவிட்டார். ஆனால் நீ படிப்பதற்குச் சம்மதமா என்று கேட்டால் மட்டும், அது வேற இது வேற என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பிடிவாதத்தைப் பாரேன்.

பங்குனி நடுவில் ஆரம்பித்தார்கள். கொட்டாஞ்சேனையில் நமக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் ஓர் அறை கிடைத்தது, நானும் அத்தையும் அங்கே தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வந்தோம். முதல் நாளே கன்னத்திலும் கழுத்திலும் ஊதா மையால் கோடுகள் போட்டுவிட்டு, இது அழியக் கூடாது, எண்ணெய், சவுக்காரம், மஞ்சள் எதுவும் அந்தப் பக்கம் படக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். நானும் கண் கொத்திப் பாம்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வருஷப் பிறப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் லீவு, நம் கடையும் பூட்டு, அதனால் அப்பா ரயிலேறி எங்களோடு பண்டிகை கொண்டாட வந்துவிட்டார். நான் அடுப்படியில் பொங்கலைக் கிண்டிக்கொண்டு இருக்கிறேன், அத்தை குளித்துவிட்டு வந்து நிற்கிறார். கோயிலில் மூலிகை காய்ச்சிக் கொடுத்த மருத்துநீரைத் தலையில் வைத்து, அரப்புப் போட்டுத் தேய்த்து, முகம் கழுத்து எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கோட்டைக் காணோம்! "வருஷப் பொறப்பும் அதுவுமா மூஞ்சில மைக் கோட்டோட சாமி முன்னால நிக்கச் சொல்றியா? போன வருஷத்து அழுக்கெல்லாம் போகத்தானே மருத்துநீர் வைக்கிறது?" என்று என்னையே கேட்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன் என்றால் நம்பு.

லீவு முடிந்து ஆஸ்பத்திரி திறந்ததும் மூன்று பேரும் பயந்துகொண்டே போனோம். அங்கே யாரும் திட்டவில்லை, பாவம். டாக்டர் வந்து பார்த்தார், யாழ்ப்பாணத்து மனுஷர், நல்ல பொறுமைசாலி. இன்றைக்குக் கரண்டு வைக்க முடியாது, திரும்ப அளக்க வேண்டும், ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நீங்கதானே டாக்டர், நீங்களே அந்தக் கோட்டப் போட்டு விட்டுடுங்களேன்" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டு, "நான் போட்டால் அது வெறும் கோடு ஐயா. அளந்து போட வேண்டிய ஆள் வரட்டும். அவ சரியெண்டு சொல்லாமல் நான் மெஷினைத் தொடமாட்டன்" என்றார். யார் வரப்போகிறார்கள் என்று பார்த்தால், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், ஒற்றைப் பின்னல் போட்டு, சேலைக்கு மேலே வெள்ளைக் கோட்டு மாட்டின ஒரு சிங்களப் பிள்ளை வருகிறது! அத்தையைப் படுக்க வைத்து, படம் எடுத்து, அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, அடிமட்டத்தால் கன்னத்தை அளந்து, தாளில் கணக்குப் போட்டு, திரும்பப் போய் அளந்து, அப்பப்பா, அந்த நிதானத்தைப் பார்க்க வேண்டுமே. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. அப்பா அறை வாசலில் நின்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியும், அளவு எடுத்துக் கோடு போடாமல் துணியில் கத்திரி வைத்த தையல்காரனை அன்றைக்கே கடையை விட்டு அனுப்பினவர் அவர். அந்தப் பிள்ளை கன்னத்தில் புதுக் கோட்டைப் போட்டு முடித்து, டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டின பிறகுதான் டாக்டர் கிட்டே வந்தார்.

வெளியே வந்த பிள்ளையை அப்பா மறித்து, நீங்கள் டாக்டரா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை மாமா, நான் பௌதிகம் படித்தவள், எவ்வளவு வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்று பார்ப்பதுதான் என் வேலை என்று அது சொன்னது. உடனே அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் மகளும் இங்கிலாந்தில் இதைத்தான் படிக்கிறாள் என்றார். தமயந்தி, நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, உனக்கு ஒரு வரி எழுதவில்லை, முன்பின் தெரியாத பிள்ளையிடம் சிங்களத்தில் சம்மதத்தைச் சொல்லிவிட்டார் உன் அப்பா. அந்தப் பிள்ளை எவ்வளவு சந்தோஷப்பட்டது தெரியுமா, நம் நாட்டுக்கு இந்தப் படிப்புப் படித்தவர்கள் போதாது, படித்து முடித்ததும் இங்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு அத்தை மறந்தும்கூட அந்தப் பக்கம் கையை வைக்கவில்லை. கடைசி வாரங்களில் வாய் வெந்து, கஞ்சி இறங்கவே பெரும்பாடு பட்டார், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். சித்திரை கடைசியில் எல்லாம் முடிந்து வீடு வந்தோம். போன வாரம் திரும்பக் காட்டப் போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புண் சுத்தமாக ஆறிவிட்டது, இனி சொன்ன நேரத்துக்கு வந்து காட்டினால் போதும், வெற்றிலையை மட்டும் தொடக் கூடாது என்றார். பல்லும் கொட்டவில்லை, முகமும் கருகவில்லை, கன்னத் தோல் கொஞ்சம் கறுத்தது, அதுவும் தெளிந்துகொண்டு வருகிறது. இப்போது அத்தையின் அட்டகாசம் தாங்க முடியவில்லை. கடைக்குச் சேலை எடுக்க வருகிற தோட்டத்துப் பெண்களை எல்லாம் "வாயத் தொறடி பாப்போம்" என்று வெளிச்சத்தில் இழுத்து வைத்துப் பார்க்கிறார். எல்லப் பக்கத்துத் தோட்டத்து ரெங்கம்மாவின் கன்னத்துக்குள்ளே வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்று அவளைக் கையோடு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வியாபாரம் கெடுகிறது என்று அப்பா முணுமுணுக்கிறார், ஆனால் தடுக்கிறதில்லை. கடையில் வெற்றிலைத் தட்டு வைக்கிற வழக்கத்தையும் நிறுத்தியாயிற்று.

சிவஞானம் போன கிழமை வந்தார். மகள் டாக்டர் ஆக இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டார். நான் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டாக்டர் இல்லீங்க. டாக்டர் கையக் கட்டிக்கிட்டு காத்துக்கிட்டு நிப்பாரு பாருங்க, அந்தப் படிப்புப் படிக்கிறா" என்றார் அப்பா. சிவஞானம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். போகட்டும், நல்ல காப்பி வீணானதுதான் எனக்கு வருத்தம்.

நீ படிப்பில் மட்டும் கவனம் வை. கோழி முட்டையாவது சாப்பிடு, ரொட்டியையே கடித்துக்கொண்டு கிடக்காதே. கொழும்பில் அந்தப் பிள்ளையின் வெள்ளைக் கோட்டு மேல் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருந்தது, அவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று அது காட்டிக் கொடுக்குமாம். நீ அந்த மாதிரி அறைக்குள் போகும்போது அதைக் குத்த மறந்தாயோ, நான் கப்பலேறி வந்து உன் காதைத் திருகுவேன். நீ தொட்ட காரியம் எல்லாம் துலங்கட்டும், உன் கையால் நூறு பேர் பிழைத்து நீயும் நூறு வயது இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

ஒன்றை விட்டுவிட்டேன். இனிமேல் கோட்டை அழித்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தை அழிக்க மாட்டேன் என்கிறார். குளிக்கும்போது அந்தக் கன்னத்தைக் கையால் பொத்திக்கொள்கிறார். அப்படியும் மங்கிக்கொண்டு போகிறது, அதனால் கடையில் துணிக்குக் கோடு போடுகிற நீலப் பென்சிலை எடுத்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அதன் மேலேயே இழுத்துக்கொண்டிருக்கிறார். நேற்றுக் கையும் களவுமாகப் பிடித்து, ஏன் அண்ணி இந்தக் கூத்து என்று கேட்டேன். "எம் மருமக படிச்சு முடிச்சு வந்து, பாத்துட்டு, சரி அத்தைன்னு சொல்லட்டும். அப்பறம் அழிக்கிறேன்" என்றார். அப்பா பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
வை. மீனாம்பாள்