இரண்டாவது முழுக்கு

9.6.1988

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பத்தாம் வகுப்பு. புதிதாக வந்திருக்கும் அரவிந்தவல்லி டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை என்று கேட்டார்கள். அப்பா மில்லில் வேலை பார்க்கிறார், அம்மா செத்துப்போய் ரெண்டு வருசம் ஆச்சு என்றேன். குரல் நடுங்கவே இல்லை. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்கஜவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எரிச்சலாக வந்தது.

26.6.1988

எங்களோடேயே இருக்கும் அப்பாவின் தங்கை கருத்தம்மா அத்தை பக்கத்து வீட்டில் கதை பேசிக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். வீட்டில் யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

அம்மா சாகவில்லை. போய்விட்டாள். அவ்வளவுதான். ஒரு லாரி டிரைவரோடு ஓடிவிட்டாள் என்றார்கள். அவளை அப்பா பெல்ட்டால் அடிப்பார். அதை மட்டும் தெருவில் ஒருத்தரும் சொல்வதில்லை. அவள் போன மூன்றாம் நாள் அப்பா எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். "இன்னையோட வேலுத்தாய் செத்தா. எல்லாரும் தலை முழுகுங்க" என்றார். அத்தை இறைத்து இறைத்து என் தலையில் ஊற்றினாள். இழவு வீட்டுக் குளியல் மாதிரியே குளித்தோம். அதற்குப் பிறகு சோறு போட்டாள். எனக்கு நல்ல பசி. சாப்பிட்டேன்.

என்னை ஏன் விட்டுவிட்டுப் போனாள்? டிரைவரோடு போவதாக இருந்தால் லாரியில் எனக்கு ஒரு இடம் இருந்திருக்காதா?

3.7.1988

அப்பா இன்று முறுக்கு வாங்கி வந்தார். என்னை ஒருநாளும் அவர் அடித்ததில்லை. அதுவும் சேர்ந்துதான் குழப்புகிறது.

14.8.1988

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பங்கஜவல்லி வீட்டில் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள், என்னையும் கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஆண்டாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து, நானும் அவளும் மட்டும் ஒரு பால்கோவாக் கடைப் பக்கம் போனோம். பின்கட்டில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரும்புச் சட்டியில் ஒரு பொம்பளை பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. நிமிர்ந்தாள்.

அம்மா.

துடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். கையைத் தூக்கினாள், என் கன்னத்தைத் தொட. நான் ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

"யாரு பேச்சி இது?" என்றாள் பங்கஜவல்லி.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அம்மாவின் கை அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பங்கஜவல்லியைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா தாயி. இவ அம்மாவ எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். சூடான பால்கோவாவை இலையில் மடித்து என் கையில் வைத்தாள். பஸ்ஸில் ஏறியதும் அதைப் பங்கஜவல்லியிடம் கொடுத்துவிட்டேன். நான் ஒரு வாய் கூடத் தின்னவில்லை.

15.8.1988

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். தெரிஞ்சவங்களாம். என் நாக்கு அழுகிப் போகட்டும்.

28.8.1988

ஸ்பெஷல் கிளாஸ் என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். அழுவதற்குப் போகவில்லை. சண்டை போடத்தான் போனேன்.

கடையில் அவளோடு வேலை பார்க்கும் சுடலையம்மாள் என்கிற வயசாளி என்னைப் பார்த்ததும், "போட்டி வேலு, அடுப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். கடைக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அங்கே உட்கார்ந்தோம். அம்மா ரொம்ப இளைத்திருக்கிறாள். கை முழுக்கத் தீக்கொப்புளம், பழசும் புதுசுமாக.

லாரிக்காரன் எங்கே என்று கேட்டேன்.

"எந்த லாரிக்காரன்? எவனும் இல்லட்டி. அடி தாங்காம வந்தேன். சுடலை அக்கா வீட்டுல ஒரு ஓரமாப் படுத்துக்கிடுதேன்."

"என்னைய ஏன் விட்டுட்டு வந்த?"

காய்ந்த வேப்பம்பழங்களைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "உன்னையும் கூட்டிட்டு வந்தா, புள்ளையத் தேடிட்டு உங்கப்பா அரிவாளோட வருவாரு. நான் மட்டும் வந்தா தலை முழுகிட்டு விட்ருவாரு. அவியளப் பத்தி எனக்குத் தெரியாதா. அதான்."

"அப்ப நான்?"

"உன் மேல கை வைக்க மாட்டாருன்னு தெரியும்ட்டி."

பெல்ட் சத்தம் கேட்கும்போது பாயைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பேனே, அது இவளுக்குத் தெரியாதா? எழுந்து வந்துவிட்டேன். வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

4.9.1988

என்னைக் கொடுத்துத் தன் உசிரை வாங்கிக்கொண்டாள். வேறென்ன சொல்வது இதை? அந்தக் கிணற்றடியில் நான் அழுத அழுகை எல்லாம் அவள் முன்கூட்டியே போட்ட கணக்கு. சீ.

11.9.1988

அத்தை கோபத்தில் வாய்விட்டுவிட்டாள். அப்பா தட்டை விட்டெறிந்திருந்தார், குழம்பில் உப்பு கூடிவிட்டதாம். சிந்தினதை வழித்தபடி, "அவ பொழச்சுக் கெடக்கா. நாந்தான் மாட்டிக்கிட்டேன்" என்றாள் மெதுவாக. எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளா, தெரியவில்லை.

அம்மா இன்னும் இங்கேயே இருந்திருந்தால் செத்திருப்பாள். இது எனக்கு முந்தியே தெரியும். தெரிந்தும் கோபம் போகமாட்டேன் என்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்குமா? இருக்கிறதே.

19.9.1988

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் சுடலையம்மாள் நின்றிருந்தாள். அம்மாவுக்கு மஞ்சக்காமாலையாம். "கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு தாயி. உன் பேரத்தான் சொல்லுதா. ஒரு எட்டு வந்து பாத்துரு" என்றாள்.

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். எனக்கே எப்படித் தைரியம் வந்தது தெரியவில்லை. "அம்மாவுக்குக் காமாலைக் காய்ச்சலாம். போயிட்டு வரட்டுமாப்பா?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "செத்தவளுக்கு என்னட்டி காய்ச்சல்?"

20.9.1988

காலாண்டுப் பரீட்சை தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கணக்கு. அது முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை போய்விட வேண்டும். அப்பா என்ன சொன்னாலும் சரி. போய் முதலில் வாரேன் என்று சொல்ல வேண்டும், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை.

22.9.1988

கீழாநெல்லி பறித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு வரை வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றினேன்.

23.9.1988

கணக்குப் பரீட்சை எழுதவில்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் சுடலையம்மாள் வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நேற்றுச் சாயங்காலமே அம்மா போய்விட்டாளாம். மத்தியானம் எடுக்கப்போகிறார்கள் என்றாள். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் வாசல்படியிலேயே நின்றார். "அதான் ரெண்டு வருசத்துக்கு முந்தியே தலை முழுகியாச்சே. ஒரு ஆளுக்கு எத்தன தடவ முழுகணும்? நீ பரீட்சைக்குக் கெளம்பு" என்றார்.

கிளம்பினேன். கால் தன்னால் நடந்தது. போய் உட்கார்ந்தேன். கேள்வித்தாள் வந்தது. முதல் கணக்கு தெரிந்த கணக்குதான். பேனாவைத் திறந்தேன், மூடினேன். எழுந்து நின்றேன்.

"என்னம்மா?" என்றார்கள் அரவிந்தவல்லி டீச்சர்.

"நான் போணும் டீச்சர். எங்க அம்மா செத்துப்போனாங்க."

டீச்சருக்குப் புரியவில்லை. "உங்கம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சுன்னுதானே சொன்னே?"

"அன்னைக்குச் சாகல டீச்சர். நேத்துத்தான்."

வகுப்பே என்னைப் பார்த்தது. பங்கஜவல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூரத்தன்னைக்குப் பால்கோவா குடுத்தாங்களே... அவங்களா பேச்சி?" என்றாள்.

"ஆமா. எங்க அம்மா."

சத்தமாகத்தான் சொன்னேன். கேட்க வேண்டியவளுக்குத்தான் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டத் தயாராக இருந்தார்கள். யார் என்று ஒருத்தி கேட்டாள். "மக வந்துட்டா, வழி விடுங்க" என்றாள் சுடலையம்மாள். சீயக்காய் தேய்த்து நான்தான் தண்ணீர் ஊற்றினேன். கைக் கொப்புளங்களில் மட்டும் மெதுவாக ஊற்றினேன், வலிக்கும் என்று. எனக்குப் பைத்தியம்தான். கிளம்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இழவு வீட்டில் யாரும் சொல்லமாட்டார்களாம்.

பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். உள்ளே போகாமல் நேரே கிணற்றடிக்குப் போனேன். இரண்டு வாளி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தது. அத்தை இறைத்தாளோ என்று அவளைப் பார்த்தேன். தான் இல்லை என்று தலையாட்டினாள். அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். ஷிப்டுக்குப் போகவில்லை. அவர் தலை ஈரமாக இருந்தது.

அவர் இறைத்து வைத்ததைத் தொடாமல், கிணற்றில் நானே வாளியை விட்டேன்.