கதவடியில் ஒரு சிவப்புக் கோடு

ஜூலை 8, செவ்வாய்

இன்று அறிவியல் டீச்சர் ட்ராப்பிஸ்ட்-1 பற்றிச் சொன்னார். நாற்பது ஒளியாண்டு தொலைவில் சின்னதாக, சிவப்பாக ஒரு நட்சத்திரம். சுற்றி ஏழு கிரகங்கள். ஒவ்வொன்றும் குறுக்கே போகும்போது நட்சத்திரம் கொஞ்சம் மங்குமாம். அதை வைத்தே கண்டுபிடித்தார்களாம்.

எனக்கு என் கதவின் அடியில் தெரியும் வெளிச்சக் கோடுதான் ஞாபகம் வந்தது. வெளியே கூடத்தில் இரவெல்லாம் சிவப்பு பல்பு எரியும். யாராவது போனால் கோடு மங்கும். அம்மா என்றால் வெளிச்சம் உடனே திரும்பிவிடும். சித்தப்பா என்றால் —

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

இன்றும் மங்கியது. மங்கியபடியே நின்றது.

ஜூலை 11, வெள்ளி

அப்பா வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து சித்தப்பா எங்கள் வீட்டில்தான். பகலில் ஒரே கேலி. "என்ன ராக்கெட்டு, இன்னும் பூமியிலதான் இருக்கியா?" அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சற்று முன் கைப்பிடி மெதுவாகத் திரும்பியது. தாழ்ப்பாள் போட்டிருந்தேன். அதில் ஒரு ஆணி இல்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? நம்பலன்னா?

ஜூலை 14, திங்கள்

வகுப்பில் கேட்டேவிட்டேன். "டீச்சர், குறுக்க போறது அப்படியே நின்னுட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். "கிரகம் எங்கயாவது நிக்குமாடி? நின்னா அது கிரகமே இல்ல." என் முகத்தைப் பார்த்ததும் டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. மணி அடித்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"எங்க நிக்குதும்மா?"

சொல்லிவிட்டேன். ஐயோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மாவை வரவழைத்தார். வீடு சேரும்வரை அம்மா என் கையை விடவில்லை. பிடி இறுகிக்கொண்டே வந்தது. என்மேல் கோபமா?

அதே இரவு

கோடு மங்கியது. நகரவே இல்லை. மூச்சு விடாமல் கிடந்தேன். அப்போது கூடத்தின் அந்தக் கோடியில் சித்தப்பா அறைக்கதவு திறக்கும் சத்தம். அப்படியென்றால் இங்கே யார்?

"காலைல மூட்டை கட்டுறவருக்கு இந்நேரத்துல என்ன நடமாட்டம்?"

அம்மா! என் கதவை ஒட்டி.

சித்தப்பா அறைக்கதவு மூடிக்கொண்டது.

ஜூலை 15, செவ்வாய்

சித்தப்பா போய்விட்டார். போகும்போது ராக்கெட்டைக் கூப்பிடவில்லை. தாழ்ப்பாளுக்கு அம்மா புது ஆணி அடித்தாள். ஆனாலும் கோடு இன்றும் மங்கியே இருக்கிறது.

"அதான் போயிட்டாரே, நீ போய்ப் படும்மா."

"நீ தூங்கு" என்றது கதவு.

டார்ச்சை அணைக்கிறேன்.