அக்கா கொடுத்த சிறுநீரகம்

இன்று காலை பழவேற்காடு ஏரியில் ஓர் ஆள் சட்டையோடு இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெயிலுக்காகப் போட்டிருப்பார். ஈரத்தில் அது முதுகோடு ஒட்டிக்கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்தது.

நாம் வெற்றுடம்போடுதான் இறங்குவோம். கழுத்தில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போம். உன் அக்கா சிறுநீரகம் கொடுத்து நீ பிழைத்து வந்தபோது, ஏரித் தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உனக்கு வேறென்ன வேலை தெரியும்? ஒரு வருடத்தில் இறங்கிவிட்டாய், சட்டையோடு.

ஒரு நாள் பிழிவதற்காக அதைக் கழற்றினாய். மார்பு இரண்டும் வீங்கியிருந்தன. முதலில் வாயைத் திறந்தவன் நான்.

"இன்னாடா, அக்கா கிட்னி வேலயக் காட்டுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

பிறகு கரை முழுக்க அதே பேச்சு. பொம்பளை கிட்னி வைத்தவன் பொம்பளையாகத்தான் ஆவான் என்றார்கள். தாடி குறைந்ததை, மனைவியிடம் நெருங்க முடியாததை என்னிடம் மட்டும் சொன்னாய். "இது என் ஒடம்பே இல்லடா" என்றாய். நான் பீடி பற்றவைத்தேன்.

மாத்திரைதான் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது என்று உனக்குச் சொல்லியிருந்தார்கள். பாதி மாத்திரை போட்டால் அது சாகாது, அதன் பெண்தன்மை மட்டும் அடங்கும் என்று நீயே கணக்குப் போட்டாய். அது செயலிழந்தது. சில மாதம் டயாலிசிஸ். அப்புறம் நீ இல்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்க நானும் கூடப் போனபோது, "என் கிட்னியாலதான் அவனுக்கு அப்டி ஆச்சா?" என்று உன் அக்கா டாக்டரிடம் நேராகவே கேட்டாள். அந்த மாத்திரைகளால் சில ஆண்களுக்கு ஹார்மோன் குறையும், மார்பு வீங்கும். கொடுத்தவர் பெண்ணா ஆணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். சொல்லியிருந்தால் ரத்தம் சோதித்து மருந்தை மாற்றிப் பார்த்திருக்கலாமாம்.

எங்கே சொல்வது? வரிசையாக ஆட்கள் நிற்கும் கூடத்தில், அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா? மூத்திரம் போகிறதா என்று கேட்டார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். மாத்திரை உடம்பை என்ன செய்யும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழை ஆம்பளைக்கு உயிர் கிடைத்ததே போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது, திருப்பாலைவனம் ஊரைத் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"என் கிட்னி அவன ஒண்ணும் பண்ணல. அது தெரியாமயே பூட்டான். எவன்டா அவங்கிட்ட அப்டி சொன்னது?"

ஊரில் பேசிக்கொண்டார்கள் என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயாச்சும் அவங்கூட இருந்தியே" என்றாள்.

பழவேற்காடு வரும்வரை விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை.