மேசை தட்டிய நேரத்தில் நீங்கள் சொன்னது

அக்கா,

இன்று காலை ஆபீஸ் கேன்டீனில் பால் தீர்ந்துபோய், டீயில் பால்பவுடரைக் கலக்கிவிட்டார்கள். டம்ளரை வாயருகே கொண்டுபோனதுமே அந்த வாடை வந்தது. குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பேப்பரை மடக்கிக்கொண்டே, "இந்த வருஷமும் புது வரி கிடையாதாம் சார், பிழைச்சோம்" என்றார். அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. நீங்கள் போய் முப்பது நாள்கூட ஆகவில்லை.

அப்போது தாராவியில் உங்கள் ஒற்றை அறைக் கோலிக்கும் என் கோலிக்கும் நடுவே ஒரு தகரம்தான். வெள்ளிக்கிழமைகளில் தவாகானாவில், அந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியில், உங்கள் வீட்டுக்காரர் அண்ணாச்சியின் பெயரைக் கூப்பிட்டு, காசநோய்க்காரர்களுக்கென்று ஒரு பொட்டலம் பால்பவுடர் கொடுப்பார்கள். தோல் கிடங்கில் உப்பு உதறிவிட்டு வந்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதைச் சுடுதண்ணீரில் கட்டியில்லாமல் கரைப்பீர்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சுருக்கெழுத்துப் பழகிக்கொண்டிருப்பேன். "இந்தக் கோழிக் கிறுக்கலுக்கா தம்பி சர்க்கார் சம்பளம் குடுக்கும்?" என்று எட்டிப் பார்த்துச் சிரிப்பீர்கள். கொடுத்தது, அக்கா. சட்டசபையிலேயே உட்கார வைத்து, அவர்கள் பேசுவதை எழுதச் சொல்லிச் சம்பளம் கொடுத்தது.

அந்த வேலையால்தான் சேதி முதலில் என் காதுக்கு வந்தது. செலவைக் குறைக்கப் போகிறார்கள், பால்பவுடரும் அதில் போகிறது என்று. உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் நம்பவில்லை.

"எதுக்குல நிறுத்துதாவ? அதுக்குப் பணமில்லையா?"

"புது வரி போட்டாத்தான் பணம் வரும்க்கா. வரி போட்டா ஜனங்க ஓட்டுப் போடமாட்டாங்கன்னு பயப்படுறாங்க."

"வரி போட்டா பாலு கெடைக்குமா?"

"கிடைக்கும்."

"பொறவு போட வேண்டியதுதான? இதுல என்ன பயம்?"

இந்தக் கேள்வியை அந்தச் சபையில் ஒருவர்கூடக் கேட்டு இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில்லை.

ஒரே ஒரு நாள் அங்கே கூட்டிப் போ என்றீர்கள். ஓர் உறுப்பினரின் குமாஸ்தாவைப் பிடித்து, பார்வையாளர் சீட்டு ஒன்று வாங்கினேன். அதில் உங்கள் பெயரை எழுதி, மாடிக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொன்னேன். மேலே உட்கார்ந்து கேட்க மட்டும்தான் முடியும் என்பதைச் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன். மடையன். உங்களுக்குத் தெரிந்த ஒரே சர்க்கார் இடம் தவாகானா. அங்கே சீட்டு வாங்கினால் உட்கார வேண்டும், பெயரைக் கூப்பிட்டால் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும். அதே மாதிரி காலையிலிருந்து அந்த மாடியில் காத்திருந்தீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, சீட்டைக் கையில் நீட்டிப் பிடித்தபடி. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை, அந்த நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று.

கீழே என்ன நடந்தது தெரியுமா? மந்திரிகளின் கார்களைப் பற்றி ஒரு மணி நேரம். விற்பனை வரி வேண்டாம், கட்டட வரி வேண்டாம், பெட்ரோலுக்கு வேண்டாம். ஊரில் பாதிக் கட்டடத்தை வைத்திருப்பவர்கள், கட்டட வரி ஏழையைக் கொன்றுவிடும் என்று தொண்டை கம்மினார்கள். செலவைக் குறை என்று ஆளுங்கட்சி, இன்னும் குறை என்று எதிர்க்கட்சி. உங்கள் பாலைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. 'அவசரமில்லாத இலவசங்கள்' என்று ஏழெட்டுச் செலவுகளோடு சேர்த்து ஒரே மூச்சில் வாசித்தார்கள்.

மந்திரி கடைசியாக, மக்கள் தலையில் ஒரு புது வரிகூட ஏற்றவில்லை என்றார். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டியது. எல்லோரும் எழுந்து போகப் போகிறார்கள் என்று அப்போதுதான் உங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து நின்றீர்கள்.

"ஐயா, எஞ் சீட்ட இன்னும் கூப்பிடலியே! பால நிறுத்தாதிய! வரிதான் வேணும்னா போடுங்க, எந் தலைக்கும் சேத்துப் போடுங்க, நான் குடுக்கேன்!"

அந்தப் பெரிய சபையில் நான் வரி கொடுக்கிறேன் என்று தானாக எழுந்து சொன்ன ஒரே ஆள் நீங்கள். அந்தத் தமிழ் புரிந்த ஒரே ஆள் நான். என் கையில் பென்சில் இருந்தது. மாடியில் பேசுவது பதிவில் ஏறக்கூடாது என்பது விதி. நான் 'ஆரவாரம்' என்று எழுதினேன். மேசை தட்டியதற்கு.

காவலர்கள் உங்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். யார் கூட்டி வந்தது என்று கேட்டார்கள். நீங்கள் கீழே குனிந்து என்னைப் பார்த்தீர்கள். எனக்கு வேலை நிரந்தரமாகாத சமயம். நான் நோட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "கோயி நஹி, அகேலா ஆயா" என்று உங்களுக்குத் தெரிந்த இந்தியில் சொன்னது என் காதில் விழுந்தது. யாருமில்லை, தனியாகத்தான் வந்தேன் என்று. சாயங்காலம்வரை வாசல் அறையில் உட்கார வைத்துத்தான் விட்டார்கள்.

திரும்பி வந்து நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். "நீ நல்லா இருப்பியால?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் கேட்டது வேறு.

"நான் சொன்னத எழுதிட்டியா தம்பி?"

"எழுதிட்டேன்க்கா."

முகம் அப்படி மலர்ந்தது. தெரு முழுக்கச் சொன்னீர்கள், எம் பேச்சு சர்க்கார் பொஸ்தகத்துல ஏறிட்டு என்று. பால் நின்றது. உங்கள் சோற்றையும் முட்டையையும் அண்ணாச்சி தட்டுக்குத் தள்ளினீர்கள். இரண்டே வருஷத்தில் இருமல் உங்களைப் பிடித்தது. அவர் பிழைத்துக் கிடக்கிறார், நீங்கள் போய்விட்டீர்கள். வரியில்லாத பட்ஜெட் என்றால் யாருக்கும் செலவில்லை என்று இந்த ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி இப்போது நான் குடியிருக்கும் செம்பூர் வீட்டுக்கு வந்தார். "அவ பேசுன பக்கத்த ஒரு தடவ காட்டுங்க தம்பி, பாத்துட்டுப் போயிருதேன்" என்றார். முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ஆபீஸிலிருந்து அந்த நாள் சபைப் பேச்சு அச்சான புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான். பக்கத்தை விரித்து அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"இம்புட்டுக் கொஞ்சமாவா இருக்கு? என்ன போட்டிருக்காவ?"

"ஆரவாரம்னு போட்டிருக்கு அண்ணாச்சி. எல்லாரும் மேசையைத் தட்டினாங்க."

அவர் என் விரலை நகர்த்திவிட்டு அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அவ சொன்னதுக்கா தட்டுனாவ?" என்றார்.

ஆமாம் என்றேன் அக்கா.

கையை வேட்டியில் துடைத்து, அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறு உங்கள் தங்கச்சியையும் கூட்டி வந்து காட்ட வேண்டுமாம். வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.