பெயரை மட்டும் சுரண்டலாம்

இன்று ஆபீசில் பழைய தகரக் குழாய் ஒன்றைத் திறந்தார்கள். சுருட்டி வைத்த வரைபடத்தோடு, அந்தக் காலத்தில் படங்களை நகலெடுக்கப் பயன்படுத்திய அம்மோனியாவின் வாடையும் வெளியே வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. சிவாஜிநகரில் துணிக்கடைக்கு மேலே நம் ஆபீஸ் இருந்த காலத்தில், நாம் சோற்று டப்பாவைத் திறந்ததே அந்த வாடையில்தான்.

கடலோரத்தில் வரவிருந்த அனல்மின் நிலையத்தின் படம் அது. நீயும் நானும் மைப் பேனாவால் வரைந்தது. வலது மூலைக் கட்டத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். முதலில் அரசாங்கம், பிறகு தனியார் கம்பெனி, அப்புறம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. ஒவ்வொரு முறையும் அரை பிளேடால் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதியதை எழுதினாய்.

"இன்னொரு தடவ மாறினா ஓட்டை விழுந்துரும்டீ. அப்புறம் ஓட்டைதான் ஓனர்" என்றாய்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த வாரம், நிலக்கரிச் சாம்பலைத் தேக்கும் குளம் வரும் இடத்தை மேனேஜர் காட்டினார். அங்கே சின்னச் சின்னக் கட்டங்கள்; மீனவர்களின் வீடுகள்.

"இதெல்லாம் எடுத்துட்டு காலி நிலம்னு எழுதும்மா. வீடு இருந்தா பேங்க்ல கேள்வி கேப்பாங்க."

"பேர எத்தன தடவ வேணா சுரண்டறேன் சார். வீட்ட சுரண்ட மாட்டேன்" என்றாய்.

"சும்னே ஏம்மா தகராறு? உன் வீடா அது?" என்றார் கன்னடம் கலந்து.

"மர்பி டவுன்ல எங்க தெருவையும் ஒருத்தர் காலி இடம்னுதான் சார் வரைஞ்சாரு. கரண்ட் வாங்கறதுக்குள்ள எங்கப்பா செருப்பு தேஞ்சுது."

மேனேஜர் பிளேடை என் பக்கம் நீட்டினார். மேசைக்கடியில் என் இடது காலை மிதித்தாய், நன்றாக அழுத்தி. நானும் மாட்டேன் என்றேன். ஆரம்பித்தவள் நீ என்று, மாதக் கடைசியில் உன்னை மட்டும் அனுப்பினார்கள். வேறு ஆள் பிடிப்பதற்குள் அந்தக் கம்பெனியே திட்டத்தைக் கைவிட்டுப் போனது.

உன் சாவுக்கு வந்தவர்கள் உன்னை அமைதியான பெண் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீ அமைதியானவள் அல்ல. உன்னை அப்படி நினைவில் வைக்க நான் சம்மதிக்கவும் மாட்டேன்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். மூலைக் கட்டம் தேய்ந்து கண்ணாடியாகியிருந்தது. வீடுகளின் கோடுகள் மட்டும் கறுப்பாக நின்றன.

இப்போது நான்காவது உரிமையாளர். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. எஞ்சினியர் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் குட்டிக் கட்டமெல்லாம் தூக்கிடுங்க மேடம். ஓனர் சுத்தமா கேக்கறாரு."

"ஓனர் பேரு மாத்திட்டேன். வீடு இருக்கும்."

"மேல சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க. அவங்க போன் நம்பர் வேணுமா?"

அவர் போய்விட்டார். நாளை இந்த நாற்காலி எனக்கு உண்டா, தெரியாது. மேசைக்கடியில் மிதிக்க ஆளில்லை. ஆனாலும் இடது காலை உன் பக்கமாகவே நீட்டி வைத்திருந்தேன்.