செவியனுக்கு ஒரு சாட்சி

மேற்பிரிவு,
மஸ்கெலியா.
09.08.1998

அன்புள்ள உமாசுதனுக்கு,

சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தடுப்பு முகாமில் இருக்கிறவனிடம் வேறு எதைக் கேட்டுத் தொடங்குவது? இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். மழை விட்டபாடில்லை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதால் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே மூலையில் போட்டுக் கத்திக்கொண்டிருக்கிறேன். தொண்டை போய்விட்டது.

போன கிழமை ஹட்டனில் உன் அம்மாவைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நம் லக்ஸ்மன் என்னைக் கண்டால் பயத்தில் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறான். அவன்மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். நல்ல கோபம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உனக்கு முன் வேறொருவர் படிப்பார். அவருக்கும் விளங்கட்டும் என்று, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

ஐயா, அது ஒரு விளையாட்டு. இவனுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து ஒரு புத்தகமும், பல முகங்கள் உள்ள தாயக்கட்டைகளும் அனுப்பியிருந்தார். இவனும் நானும் லக்ஸ்மன் என்ற நண்பனும் சனிக்கிழமைகளில் ஹட்டனில் ஒரு தையல்கடை மாடியில் இருந்து ஆடுவோம். இல்லாத ஒரு நாடு, அதில் ஆளுக்கொரு வேஷம். கதையை நடத்துவது இவன். நாடு என்றால் சாமி வேண்டாமா? சாமிகளை இவன் உண்டாக்குவான், அவற்றுக்கு அடையாளம் வரைவது என் வேலை. சூலம் கூடாது, சிலுவை கூடாது, பிறை, தாமரை, சக்கரம் கூடாது, மிருகம் கூடவே கூடாது என்று ஒரே பிடிவாதம். யார் மனமும் புண்படக் கூடாதாம். உப்பாயி என்ற சாமிக்கு நான் வரைந்ததை முறுக்கு என்று சொல்லி இரண்டு பேரும் என்னைப் படுத்தின பாடு கொஞ்சமல்ல. செவியன் என்ற சாமிக்குத்தான் சரியாக அமைந்தது. காதுபோல ஒரு வளைவு, நடுவில் ஒரு புள்ளி. எங்கள் மூவருக்கும் அதை மூன்று துணித்துண்டுகளில் சிவப்பு நூலால் தைத்தேன். கொழும்பு பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது இவன் பையில் இருந்தவை அவைதான். எந்த இயக்கத்தின் சின்னமும் இல்லை. தைத்தது நான் என்று பொலிஸில் போய்ச் சொன்னேன். எழுதிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

இனி உனக்கு எழுதுகிறேன்.

இது ஏதோ ஒரு மதத்தின் அடையாளம் என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கொடுத்தால் பிணை கேட்கலாம் என்று லோயர் சொன்னார். நானும் உன் அப்பா துரைராசா சேரும் அலைந்தோம். குருக்கள், எந்த ஆகமத்திலும் இல்லை என்றார். எங்கள் பாதர் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் தந்து, இது நம்மடது இல்லையே மகள் என்றார். சேர் விடாமல் புத்த பன்சலைக்கும் போனார். அங்கே பிக்கு ஹாமுதுருவும் அன்பாகத்தான் தலையை ஆட்டினார். இந்த நாட்டில் மூன்று மதமும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றாகத்தான் இருக்கும். வெளியே வந்த சேர், என்ர பிள்ளை ஆரின்ர மனதும் நோகக்கூடாது எண்டுதானே நினைச்சவன் என்று சொல்லி, பஸ் நிலையத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிக் கூட்டிவரப் பெரும்பாடாகிவிட்டது.

எங்கள் தோட்டத்து லயவீடுகளின் தலைவர் செல்லசாமி மாமாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் யோசிக்கவே இல்லை. நம்ம புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து இங்கிலீசு சொல்லிக்குடுத்த தம்பி, அவருக்காக ஒரு சாமி கும்புடுறதுல நமக்கு என்னாங்க நட்டம் என்றார். கொழுந்து மலைக்கு ஒன்று, தேயிலை ஸ்டோருக்கு ஒன்று என்று கல் நட்டுச் சாமி வைப்பது இவர்களுக்குப் புதிதா? மலை ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, என்னிடம் கேட்டுக் கேட்டுச் சிவப்பில் அந்த வளைவையும் புள்ளியையும் போட்டார். மறுநாளே கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் சூடம் கொளுத்தினார்கள். யாருக்கோ பிள்ளையின் காய்ச்சல் இறங்கியதாம், தேங்காய்கூட உடைத்தார்கள். லயம் முழுவதும், இது எங்கள் சாமி என்று கையெழுத்துப் போட்டுத் தந்தது. உமா, அந்த இரண்டு கிழமையும் நீ வந்துவிடுவாய் என்றே நம்பினேன். உனக்குப் பிடிக்குமென்று கருவாடுகூட வாங்கி வைத்தேன்.

லோயர் அந்தக் கடிதத்தை உள்ளே கொடுத்தார். அதைப் படித்துவிட்டு ஜீப்பில் வந்தார்கள். எல்லாரையும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். கல்லை எல்லாப் பக்கமும் படம் பிடித்தார்கள். பஸ்ஸில் பிடிபட்ட சின்னம் தோட்டத்துக்குள்ளும் பரவியிருக்கிறது, கும்பிட ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள் என்று இப்போது உன் வழக்கில் எழுதியிருக்கிறார்களாம். பிணை மறுத்தாயிற்று. வழக்கின் அடுத்த தவணை எப்போதென்று கேட்டால் லோயர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. செல்லசாமி மாமாவையும் கொண்டுபோய்விட்டார்கள். உன் முகாமில் இருந்தால் பேசு. முழங்கால் வலிக்காரர், சிமெந்துத் தரையில் படுக்கவிடாதே.

இனி யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

அந்தக் கல்லை மாமாவின் மனைவி ராக்காயி அத்தையைக் கொண்டே தேய்த்துக் கழுவவைத்தார்கள். தேங்காய்ப் பொச்சு வைத்துத் தேய்த்தார், ஒரு சொட்டுச் சிவப்பு மிச்சமில்லை. ஆனால் தினமும் மலைக்குப் போகும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்த வெறுங்கல்லின் முன்னால் நிற்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, பாப்பா, இந்தச் சாமி என்னா குடுக்கும், ஒனக்குத்தானே தெரியும் என்று கேட்டார்.

செவியனுக்கு நீ என்ன விதி எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்கும். யார் எதைச் சொன்னாலும் காதுகொடுத்துக் கேட்பான், ஆனால் எதையும் செய்ய அவனால் முடியாது. இப்படி ஒரு சாமி என்றால் கதை நடத்துகிறவனுக்கு வேலை குறைவு என்று சிரித்தாய்.

நான் அத்தையிடம், கொண்டுபோகப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் என்று சொல்லிவிட்டேன். உன் அனுமதி இல்லாமல் சாமியை மாற்றக் கூடாது, தெரியும். அதனால் கேட்கிறேன். இந்த ஒரு விதியை மட்டும் மாற்றிவிடு. சரி என்று ஒரு வார்த்தை உன் கையால் எழுதி அனுப்பு, போதும். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், எந்தக் கடவுளாக இருந்தாலும்.

இப்படிக்கு,
உன் ஜொய்சி